கூர்மத்தின் நினைவும் குளக்கரை மணலும்: ஹாஜோ ஹயக்ரீவ மாதவர் திருக்குளத்து ஆமைகள்

எம்பெருமானுடைய தசாவதாரங்களுள் இரண்டாவதாக எண்ணப்படும் கூர்மாவதாரத்தைத் திருப்பாற்கடல் கடைந்த வரலாற்றோடு சேர்த்தே நாம் பெரும்பாலும் அநுஸந்திக்கிறோம். மந்தரமலையைத் தாங்கிய முதுகு என்ற அளவில் அச்சிந்தனை நின்றுவிடுவதும் உண்டு. பாரத தேசத்தின் வடகிழக்கிலோ, அவ்வவதாரத்தின் நினைவு உயிருள்ள ஆமைகளின் வாயிலாக ஒரு திருக்குளத்தில் நாள்தோறும் போற்றப்பட்டு வருகிறது. அஸ்ஸாம் மாநிலத்தில், பிரம்மபுத்திரா நதியின் வடகரையில், குவாஹாட்டி நகருக்கு அண்மையில் உள்ள ஹாஜோ என்னும் ஊரே அத்தலம். அங்கு எழுந்தருளியிருப்பவன் ஹயக்ரீவ மாதவன்.

அக்குளத்து ஆமைகளின் நிலையை எடுத்துரைப்பதும், 'ரக்ஷணம்' என்னும் சொல்லுக்கு நம் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த பொருளை அந்நிலையோடு பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம். கோயிலைச் சேர்ந்த உயிர் என்று ஒன்றைக் கொல்லாமல் விட்டால் மட்டும் அதைக் காத்ததாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

தலத்தின் பெருமை

ஹாஜோவில் திருக்கோயில் அமைந்திருக்கும் குன்றுக்கு மணிகூடம் என்று பெயர். இக்குன்றையும் இங்கு உறையும் ஹயக்ரீவ விஷ்ணுவையும் காலிகா புராணம் குறிப்பிடுகிறது. முன்பிருந்த கோயில் அழிவுற்றபின், இன்று காணும் கோயிலைக் கோச் வம்சத்து அரசன் ரகுதேவ நாராயணன் 1583ஆம் ஆண்டில் எடுப்பித்தான். கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள யானைகள் அக்கோயிலைத் தாங்கி நிற்பனபோல் தோன்றும். பூடான் முதலிய நாட்டுப் பௌத்தர்களும் இத்தலத்தைத் தமக்குரிய புண்ணிய பூமியாகக் கொண்டு யாத்திரை வருவர்.

ஹயக்ரீவன் என்னும் திருநாமம் தென்னாட்டு ஸ்ரீவைஷ்ணவர்களுக்குப் புதிதன்று. மது கைடபர்கள் அபஹரித்த வேதங்களை மீட்டுப் பிரமனுக்கு அளித்த அவதாரம் அது. மஹாபாரதத்துச் சாந்தி பர்வத்தின் நாராயணீயப் பகுதி அதை விரித்துரைக்கிறது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் திருவஹீந்த்ரபுரத்து ஔஷதகிரியில் அம்மூர்த்தியை உபாஸித்து ஹயக்ரீவ ஸ்தோத்ரம் அருளிச்செய்ததும், மைசூர்ப் பரகால மடத்தில் லக்ஷ்மீ ஹயக்ரீவன் ஆராதிக்கப்படுவதும் யாவரும் அறிந்ததே. ஹாஜோவின் பூஜை முறையும் ஸம்பிரதாயமும் அந்நாட்டுக்கே உரியவை. அவற்றை நம் ஆகம மரபோடு ஒன்றாக்க வேண்டுவதில்லை. எனினும் ஞானத்தை மீட்ட பெருமானின் திருவடியில், மலையைத் தாங்கிய பெருமானின் இனத்து உயிர்கள் அடைக்கலம் பெற்றிருப்பது நமக்கும் சிந்தனைக்குரியதாகிறது.

குளமும் ஆமையும்

குன்றின் அடிவாரத்தில் இருப்பது மாதவ புஷ்கரிணி. அஸ்ஸாமிய மொழியில் இதை மாதவ் புகுரி என்பர். இதில் பலவகை ஆமைகள் வாழ்கின்றன. அவற்றுள் முதன்மையானது கருநிற மென்னோட்டு ஆமை. விலங்கியலார் இதற்கு இட்ட பெயர் நில்ஸோனியா நைக்ரிகன்ஸ். இதன் முதுகில் கடினமான கட்டங்களாலான ஓடு இல்லை. எலும்பின்மேல் தோல் போர்த்திய தட்டையான முதுகே உண்டு. மூக்கு குழல்போல் நீண்டிருக்கும். உடலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, மூக்கு நுனியை மட்டும் நீர்மட்டத்துக்கு உயர்த்தி மூச்சு வாங்கும் இயல்புடையது. நம் ஏரி குளங்களில் காணும் பாலாமையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்வினத்தை 1875ஆம் ஆண்டில் ஆண்டர்ஸன் என்னும் விலங்கியலார் முதன்முதலில் விவரித்து எழுதினார். அவர் கண்டதும் ஒரு புண்ணியத் தலத்துக் குளத்திலேதான். சிட்டகாங் நகரில் பாயஸீத் போஸ்தாமி என்னும் இஸ்லாமியப் பெரியாரின் தர்காவைச் சேர்ந்த குளம் அது. அதற்குப்பின் நெடுங்காலம், இவ்வாமை அக்குளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை என்றே அறிஞர்கள் கருதினர். 2002ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை 'இயற்கை வாழிடத்தில் அற்றுப்போன இனம்' என்று வகைப்படுத்தியது. ஆறுகளில் இல்லை, அடியார்கள் உணவிடும் குளத்தில் மட்டுமே உண்டு என்பது அதன் பொருள்.

பின்னர் 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அஸ்ஸாமின் ஆற்று நீரிலும் இவ்வினம் எஞ்சியிருப்பதைக் காட்டியது. 2021ஆம் ஆண்டில் இதன் வகைப்பாடு 'மிக அருகிய, அழியும் தறுவாயிலுள்ள இனம்' என்று திருத்தப்பட்டது. ஊனுக்காகவும் முட்டைக்காகவும் பிடிக்கப்பட்டதும், நீர்நிலைகள் சுருங்கியதும் இதன் அருகலுக்குக் காரணங்கள். அந்நாளிலெல்லாம் ஹாஜோ முதலிய அஸ்ஸாமியக் கோயில்களின் குளங்களில் இவ்வாமைகள் கைபடாமல் வாழ்ந்து வந்தன. வலையும் ஈட்டியும் கோயில் மதிலைத் தாண்டவில்லை. சாஸ்த்ரம் அறியாத எளியவரும், இது பெருமான் எடுத்த வடிவம் என்ற ஒரே எண்ணத்தால் கையை மடக்கிக்கொண்டனர்.

ஆமைக்குப் பெருமை எவ்வாறு?

இங்கு ஓர் ஐயம் எழலாம். அவதார விக்ரஹம் அப்ராக்ருதமானது; சுத்த ஸத்வமயமானது. குளத்து ஆமையின் உடலோ கர்மத்தால் வந்த ப்ராக்ருத சரீரம். இரண்டையும் ஒன்றாக்கிப் போற்றுவது பொருந்துமா?

ஒன்றாக்குவது பொருந்தாது, தொடர்பு கொள்வது பொருந்தும். எம்பெருமானார் கீதா பாஷ்யத்தின் அவதாரிகையில், பகவான் தன் ஸ்வபாவத்தை விடாமலே தன் திருமேனியை அந்தந்த இனத்துக்கு ஒத்த அமைப்புடையதாக ஆக்கிக்கொண்டு அவதரிக்கிறான் என்று அருளினார். ஆகவே கூர்மமாய் வந்தபோது அவன் ஆமையினத்தோடு ஸஜாதீயனாய் நின்றான். அரசன் ஒரு குடிலில் ஓரிரவு தங்கினால் குடில் அரசனாகிவிடுவதில்லை. ஆயினும் அதை இடிக்க எவரும் துணியார். ஆமையினத்துக்கு வந்த பெருமையும் அத்தகையதே.

நித்யாராதனத்திலும் இதற்கு இடம் உண்டு. எம்பெருமானாருடைய நித்யக்ரந்தம் பீடத்தைக் கல்பிக்கும் முறையில், உலகனைத்துக்கும் ஆதாரமாய்க் கூர்ம வடிவில் இருக்கும் நாராயணனுக்கு நமஸ்காரம் சொல்லி, அதன்மேல் அனந்தனையும் பூமியையும் தியானிக்கச் சொல்கிறது. பெருமான் எழுந்தருளும் ஆஸனத்தின் அடியில் இருப்பது கூர்மமே. அதை நாள்தோறும் அநுஸந்திப்பவனுக்கு ஆமையைக் கண்டால் அந்நினைவு எழுவது இயல்பு.

மேலும், ஆமையின் உடலுக்குள் இருப்பதும் ஒரு ஜீவாத்மாவே. எம்பெருமானுக்குச் சேஷமாயிருப்பது தேவ மனுஷ்யர்களுக்கு மட்டும் உரியதன்று. திர்யக் ஸ்தாவரங்களுக்கும் பொது. எனவே அவதாரத் தொடர்பு இல்லாவிடினும் அதற்கு நாம் தீங்கு செய்யலாகாது. தொடர்பு இருப்பதால் மறதியுள்ள நமக்கு நினைவூட்டல் கிடைக்கிறது.

நினைவால் வளர்க்கும் தாய்

மீன் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை தொடுதலாலும் தம் குஞ்சுகளை வளர்க்கும் என்னும் த்ருஷ்டாந்தம் புராணங்களிலும் ஆசார்யர்களின் உபதேசங்களிலும் வழங்கி வருகிறது. ஆசார்யன் சிஷ்யனைக் கடாக்ஷத்தாலும் ஸங்கல்பத்தாலும் ஹஸ்த ஸ்பர்சத்தாலும் வளர்ப்பதற்கும், பகவான் சேதனர்களைப் போஷிப்பதற்கும் இது உவமையாகும்.

இவ்வுவமைக்கு ஆதாரமான இயற்கையைக் கவனிக்க வேண்டும். பெண் ஆமை நீரைவிட்டுக் கரையேறி, பின்கால்களால் மண்ணில் குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டு நீருக்குத் திரும்புகிறது. பறவைபோல் முட்டையின்மேல் அமர்வதில்லை. குஞ்சு வெளிவரும்போது உடனிருப்பதும் இல்லை. கருநிற மென்னோட்டு ஆமையின் முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை அம்முட்டையைக் காப்பவை மண்ணின் ஈரமும் வெயிலின் வெப்பமுமே. தாய் அருகில் இல்லாதிருந்தும் குஞ்சு பிறப்பதைக் கண்ட பழையோர், இது நினைவின் வலிமை என்றனர். கண்ணுக்குத் தெரியாத போஷணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை இல்லை.

ஆனால் அந்நினைவும் ஓர் இடத்தை வேண்டி நிற்கிறது. தோண்டத்தக்க மண் கரையில் இருந்தால் அன்றோ தாய் முட்டையைப் புதைத்துவிட்டுப் போக முடியும்? திருக்குளத்தின் நாற்புறமும் படிகளாலும் ஸிமெண்ட்டுச் சுவராலும் மூடப்பட்டால், கரையேறும் ஆமைக்குத் தோண்ட இடம் கிடைப்பதில்லை. முட்டை கல்லின்மேல் விழும். அல்லது நீரிலேயே விழுந்து கெடும். திரிபுரா மாநிலத்து உதயபூரில் திரிபுரஸுந்தரி கோயிலைச் சேர்ந்த கல்யாண் ஸாகர் இதற்குச் சான்று. அக்கோயில் குன்றே ஆமை முதுகை ஒத்திருப்பதால் கூர்ம பீடம் எனப்படும். அங்கும் இதே இனத்து ஆமைகள் உண்டு. குளத்தின் கரைகள் ஸிமெண்ட்டால் கட்டப்பட்டபின் அவற்றின் இனப்பெருக்கம் குன்றியது. கட்டியவர்களுக்கு ஆமையிடம் பகை இல்லை. குளத்தை அழகுபடுத்தவே அவர்கள் முற்பட்டனர். கொல்லும் கை ஒன்றும் இல்லாமலே ஓர் இனம் தேய்ந்துபோக முடியும் என்பதை அக்கரை நமக்குக் காட்டுகிறது.

ரக்ஷணத்தின் இரு கூறுகள்

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் ப்ரணவத்தின் அகாரத்துக்குப் பொருள் அருளும்போது, ரக்ஷணம் என்பதை இரண்டு கூறாகப் பிரித்துக் காட்டினார். விரோதியை நீக்குவது ஒன்று. வேண்டியதை அளிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேதனர்கள் நிற்கும் நிலைக்கேற்ப வேறுபடும் என்றும் அவரே அருளினார். ஸம்ஸாரிகளுக்கு விரோதி சத்ரு பீடை முதலியன, வேண்டியது அன்னபானம் முதலியன. முமுக்ஷுக்களுக்கு விரோதி ஸம்ஸாரம், வேண்டியது பரமபதப் பேறு. முக்தருக்கும் நித்யருக்கும் விரோதி கைங்கர்யத்துக்கு வரும் குறைவு, வேண்டியது கைங்கர்ய வளர்ச்சி.

இவ்வளவுகோலைக் கொண்டு ஹாஜோவின் குளத்தைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். வேட்டையாகிய விரோதி அங்கு நீங்கியது. நூற்றாண்டுகளாக அவ்வூரார் செய்த உபகாரம் இது. இதைச் சிறிதென்று எண்ணலாகாது. இது இல்லையேல் மற்றதைப் பேச ஆமையே எஞ்சியிராது. ஆனால் வேண்டியதை அளித்தல் என்னும் இரண்டாம் கூறு எஞ்சி நிற்கிறது. ஆமை நிற்கும் நிலைக்கு வேண்டுவது எது? முட்டையிட மணல், வெயில் காய மேடு, மாசற்ற நீர், தன் இயல்புக்கு ஒத்த இரை.

அடியார்களோ தமக்கு இனியதை அதற்கு இடுகின்றனர். பொரி, ரொட்டி, பிஸ்கட் ஆகியவை குளத்தில் வீசப்படுகின்றன. இட்டவனுக்கு மனம் நிறைகிறது. மீனும் நத்தையும் நீர்த்தாவரமும் உண்ணப் பிறந்த உயிருக்கு மாவும் சர்க்கரையும் உரிய உணவாகா. உண்ணாமல் மிஞ்சியவை மட்கி நீரைக் கெடுக்கின்றன. நிலைக்கேற்ப உபகாரம் என்று லோகாசார்யர் அருளிய நுட்பம் இங்கு மறக்கப்படுகிறது. பெறுபவனுடைய நிலையைப் பாராமல் கொடுப்பவனுடைய உவப்பை மட்டும் பார்த்துக் கொடுப்பது ரக்ஷணம் ஆகாது.

கீதையில் ஸ்திதப்ரஜ்ஞனுக்குக் கண்ணன் காட்டிய உவமை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஆமை தன் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் இந்த்ரியங்களை விஷயங்களினின்று மீட்க வேண்டும் என்பது இரண்டாம் அத்தியாயத்து 58ஆம் சுலோகத்தின் கருத்து. 55 முதல் 58 வரையுள்ள நான்கு சுலோகங்களும் ஞான நிஷ்டையின் நான்கு படிகளை மேலிருந்து கீழாகச் சொல்வன என்பது எம்பெருமானாருடைய பாஷ்யம். அம்முறையில் ஆமையின் உவமை முதற்படியில் அமைகிறது. முயல்பவன் தொடங்க வேண்டிய இடம் அது. வீசத் துடிக்கும் கையைச் சற்றே உள்ளிழுத்துக்கொண்டு, இது அதற்கு ஆகுமா என்று எண்ணிப் பார்ப்பதும் அம்முதற்படியின் ஒரு சிறு பயிற்சியே.

ஓர் ஆக்ஷேபமும் ஸமாதானமும்

ஹாஜோவில் அண்மைக் காலத்தில் நடந்த ஒரு முயற்சியை இனிக் கூறவேண்டும். கோயிலாரின் இசைவோடு, இயற்கைப் பாதுகாப்பில் ஈடுபட்டோர் குளக்கரையில் இடப்படும் முட்டைகளைத் திரட்டி, தக்க வெப்பத்தில் வைத்துப் பொரிக்கச் செய்தனர். அவ்வாறு பிறந்த குஞ்சுகளின் முதல் தொகுதி 2019ஆம் ஆண்டு ஜனவரியில் பொபிதொரா வனவிலங்கு சரணாலயத்து நீர்நிலையில் விடப்பட்டது. அவை 35, அவற்றுள் 16 கருநிற மென்னோட்டு ஆமைகள். ஆற்றில் இல்லாதொழிந்தது என்று எழுதப்பட்ட இனம், கோயில் குளத்திலிருந்து மீண்டும் வெளிநீருக்குச் சென்றது.

இதில் ஸம்பிரதாயம் அறிந்தோர் ஓர் ஆக்ஷேபம் எழுப்பக்கூடும். ஈஸ்வரனைத் தவிர வேறு எவரும் ரக்ஷகர் அல்லர் என்பது பிள்ளை லோகாசார்யர் ப்ரபந்ந பரித்ராணத்தில் நிலைநாட்டிய அர்த்தம். பெற்ற தாயும் ரக்ஷகி அல்லள் என்று அறுதியிட்டபின், முட்டையை எடுத்துப் பொரிக்கும் மனிதன் தன்னை ரக்ஷகன் என்று எண்ணுவது ஸ்வரூப விரோதம் அன்றோ? அவனுடைய உடைமையை அவனே காப்பான் என்று விட்டுவிடுவதே முறையன்றோ?

இதற்கு ஸமாதானம் ஆமையினிடமே உள்ளது. தாய் முட்டையை விட்டு நீங்குவதே தாய் ரக்ஷகி அல்லள் என்பதற்குக் கண்கூடான சான்று. அவள் நீங்கிய பின்னும் குஞ்சு பிறக்கிறது என்றால், மண்ணிலும் வெப்பத்திலும் அந்தர்யாமியாய் நின்று போஷிப்பவன் அவனே என்பது தேறும். அப்படியாயின் அக்கரை மணல் எது? அவன் ரக்ஷணத்துக்குக் கொண்ட உபகரணம். அதன்மேல் ஸிமெண்ட்டு பூசியவர்கள் நாம். அவன் காப்பதை இடையில் நின்று தடுத்துவிட்டு, 'அவனே காப்பான்' என்று சொல்வது விச்வாஸம் ஆகாது.

சேதனனிடம் எம்பெருமான் எதிர்பார்ப்பது விலக்காமை ஒன்றே என்பது பூர்வர்கள் காட்டிய நெறி. அவனுடைய க்ருபை தானே பெருகி வருவது. நம் பங்கு அதைத் தடுக்காதிருப்பது. பேற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட அவ்வர்த்தத்தை இங்கு உவமையளவில் கொள்ளலாம். முட்டையை எடுத்து மணலில் வைப்பவன் புதிதாக ஒரு ரக்ஷணத்தைச் செய்யவில்லை. மனிதன் இட்ட தடையை மனிதன் எடுக்கிறான். 'நான் காத்தேன்' என்னும் அஹங்காரத்துக்கு அதில் இடம் இல்லை. பெருமானின் உடைமையை அவனுக்குப் பொருந்தும்படி வைத்தேன் என்னும் அளவில் அது கைங்கர்யமாகத் தலைக்கட்டும்.

கோயில் குளத்தின் உயிரைக் குளத்துக்கு வெளியே அனுப்புவது தேவஸ்வத்தைக் குறைப்பதாகாதோ என்றும் சிலர் எண்ணலாம். பூமி முழுதும் அவனுக்குச் சேஷமாயிருக்க, குளத்து நீர் அவனுடையது, ஆற்று நீர் அவனுடையதன்று என்று பிரிப்பது பொருந்தாது. தீர்த்தம் கருவறையிலிருந்து வெளிவந்து அடியார்களைச் சேர்வதுபோல், திருக்குளத்தில் காக்கப்பட்ட இனம் தன் பழைய ஆற்றைச் சேர்வதும் அவனுடைய ப்ரஸாதமே.

திருப்பணி செய்வோர் நோக்குக

திருக்குளத் திருப்பணி பெரும் புண்ணியம். அதைச் செய்வோர் கரையை வலுப்படுத்துமுன் அந்நீரை அண்டி வாழ்வன எவை என்று முதலில் கேட்டறிவது நலம். நான்கு புறமும் படித்துறை அமைக்க வேண்டியிருப்பினும், மனித நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் வெயில் படும்படி, நீரிலிருந்து எளிதில் ஏறத்தக்க சரிவாகச் சிறிது மணல் விடலாம். முட்டையிடும் பருவமாகிய பின்பனி முதல் இளவேனில் வரை அவ்விடத்தைக் கூட்டிப் பெருக்காமல் விட்டுவைக்கலாம். உணவிட விரும்புவோருக்கு எதை இடலாம், எதை இடலாகாது என்று கோயிலாரே எழுதி வைக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

மந்தரம் அமிழ்ந்தபோது அதைத் தாங்கக் கூர்மமாய் வந்தான் பெருமான். கடைந்தவர்கள் கண்டது மேலே நின்ற மலையையே; கீழே தாங்கிய முதுகை நீர் மறைத்திருந்தது. ஆமையை வணங்கும் நாமும் நீருக்குமேல் எழும் மூக்கு நுனியைக் கண்டு மகிழ்ந்து, அதன் ஸந்ததியைத் தாங்கும் மண்ணைக் காணாமல் விட்டுவிடுகிறோம். விரோதியை நீக்கியதோடு நில்லாது வேண்டியதையும் விலக்காமல் விடும்போதே, கூர்மநாதனின் இனத்துக்கு அடைக்கலம் அளித்தோம் என்று சொல்லும் தகுதி திருக்குளத்துக்கு நிறைவாக உண்டாகும்.